ஓட்டுநர் பயிற்சி (புதுச்சேரி ஊரகப் பகுதிகள்)

ஓட்டுநர் பயிற்சி என்பது இயந்திர ஊர்திகளைப் பாதுகாப்பாக ஓட்டுவதற்குப் புதியவர்களுக்கு முறைப்படி கற்பிப்பதாகும். இந்தியாவில் இது மோட்டார் வாகனச் சட்டம், 1988 மற்றும் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 ஆகியவற்றின்படி நடைபெறுகிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கும் இவையே பொருந்தும்.

பழகுநர் உரிமம்

18 வயது நிறைந்தவர் பழகுநர் உரிமம் பெறலாம். இது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாகும். பெற்று 30 நாட்கள் கழிந்த பின்னரே ஓட்டுத் தேர்வுக்குச் செல்ல இயலும். 50 கன செ.மீ.க்கு மிகாத ஈருருளிக்கு மட்டும் 16 வயது போதுமானது. ஆனால் இன்று விற்பனையாகும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 கன செ.மீ.க்கு மேற்பட்டவை என்பதால், பள்ளி மாணவர்களுக்கு இவ்விலக்கு நடைமுறையில் பயன்படுவதில்லை. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவர் ஊர்தி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோர் அல்லது ஊர்தி உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம்.

பயிற்சிப் பள்ளி

உரிமம் பெற்ற பள்ளியில், சொந்தப் பயன்பாட்டு இலகுரக ஊர்திக்கான பயிற்சி 21 நாட்களுக்குக் குறையாமலும், அதில் ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். பயிற்சி மகிழுந்தில் ஆசிரியரின் காலருகிலும் பிரேக் இருக்கும். சாலைக் குறியீடுகள், இயந்திர அமைப்பு, முதலுதவி ஆகியனவும் பாடத்திட்டத்தில் உள்ளன. போக்குவரத்து ஊர்திகளை ஓட்ட விரும்புவோருக்குப் பள்ளிச் சான்றிதழ் கட்டாயம். சொந்த ஊர்தி ஓட்டுவோருக்கு அவ்வாறில்லை. எனவே உறவினரிடம் பழகி, "எட்டுப் போட்டு" ஈருருளி உரிமம் பெறுவது சிற்றூர்களில் இயல்பாக உள்ளது. எட்டு வடிவத் தடம் சமநிலையைச் சோதிக்குமே தவிர, வேகத்தைக் கணிக்கும் திறனைச் சோதிக்காது.

நிற்கும் தொலைவு

புதியவர்கள் பெரிதும் தவறாகக் கணிப்பது இதையே. இடரைக் கண்டு பிரேக்கை மிதிக்க 1.5 நொடி ஆவதாகவும், பின்னர் வேகம் நொடிக்கு 5 மீ/நொடி வீதம் குறைவதாகவும் கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் ஊர்தி சுமார் 29 மீட்டரில் நிற்கும். 60 கி.மீ. வேகத்தில் 53 மீட்டர் தேவைப்படும். வேகம் ஒன்றரை மடங்காகும்போது பிரேக் பிடித்த பின் ஓடும் தொலைவு இரண்டே கால் மடங்காவதே இதற்குக் காரணம். ஈரச் சாலையில் இது இன்னும் கூடும்.

ஊரகச் சாலைகள்

நெல் வயல்கள் மிகுந்த பாகூர் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தை ஒட்டியுள்ளது. வில்லியனூர் புதுச்சேரி-விழுப்புரம் சாலையில் அமைந்துள்ளது. சில கிலோமீட்டருக்குள் மாநில எல்லை மாறினாலும் உரிமம் நாடு முழுவதும் செல்லும். பின்விளக்கற்ற டிராக்டர் இழுவை, சாலையில் காயவைத்த நெல், குறுக்கே வரும் மாடு ஆகியவை பயிற்சித் திடலில் எதிர்ப்படுவதில்லை. முகப்பு விளக்கைத் தாழ்த்தி ஓட்டும்போது வெளிச்சம் விழும் தொலைவு குறைவு. அத்தொலைவுக்குள் நிற்கக்கூடிய வேகமே இரவில் பாதுகாப்பான வேகமாகும்.