வீட்டுக்காரர் ஒருவர் அல்ல... 40 பேர்!

மீமிசல் கடலோரத்துக் கொத்தனாருக்கு உப்புக்காற்றின் சேட்டை அத்துப்படி. உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். ஒருநாள் பால்கனியின் அடிப்பகுதி பெயர்ந்து விழும். கீழே குழந்தை நின்றால்?

சென்னைக் கடலோர அடுக்குமாடி வீடுகளிலும் இதே கதைதான். ஆனால் அங்கே வேலை பிடிப்பது லேசுப்பட்டதல்ல!

ஊரில் ஒரே வீட்டுக்காரர். திண்ணையில் உட்கார்ந்து பேசினால் முடிந்தது. பிளாட்டிலோ சங்கம்! பொது இடங்களைப் பராமரிப்பது அதன் பொறுப்பு. செலவு, எல்லோருடைய பணம். செயலாளர் கூட்டத்தில் கணக்குக் காட்டியாக வேண்டும்.

"மொத்தமா இவ்வளவு ஆகும் சார்" என்று இழுத்தால் வேலை போச்சு.

சாரம் கட்ட எவ்வளவு? துரு சுரண்ட எவ்வளவு? சதுர அடிக்குப் பூச்சுக்கூலி எவ்வளவு? தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் விடுவது யார் என்பதையும் எழுத வேண்டும். கான்கிரீட் போட்டால் சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள் ஈரம் காயக்கூடாது.

நோட்டீசைவிடப் பெரிய விளம்பரம் முடித்த வேலைதான்.

"போன வருஷம் பூசின இடத்தைத் தட்டிப் பாருங்க சார். பொள்ளலா சத்தம் கேட்டா எனக்கு வேலையே தராதீங்க!"

இப்படிச் சொல்லத் துணிந்த மேஸ்திரியைத்தான் கமிட்டி மறுபடியும் கூப்பிடும்.