சிட்டையைப் படமாக்கிப் பார்ப்போம்

வியாபாரிகளாகிய நமக்குக் கணக்கு எழுதுவது புதிதல்ல. சிட்டை, பேரேடு, கடன் நோட்டு என்று நாள்தோறும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இரவில் கல்லாவை எண்ணித் தொகையை எழுதியதும் நோட்டை மூடிவிடுகிறோம். அதை மறுபடி திறப்பது ஆடிட்டர் கேட்கும்போதுதான். எழுதிய கணக்கைப் படமாக வரைந்தால் என்ன தெரியும், எப்படி வரைவது என்பதை இங்கே பார்ப்போம்.

முன்னோடிகள்

நமக்கு அருகில் உள்ள புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த அவர் ஒரு வியாபாரி. கப்பல் வந்தது, சரக்கு ஏறியது, வீட்டு விசேஷம், ஊர்ப்பேச்சு எல்லாவற்றையும் குறித்து வைத்தார். இன்று அது சரித்திர ஆவணம். அன்றாடம் எழுதுவதன் அருமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எண்களைப் படமாக்கும் வழியை 1786-இல் வில்லியம் பிளேஃபேர் என்பவர் காட்டினார். இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதியைக் கோடுகளாக வரைந்து புத்தகமாக வெளியிட்டார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஒரே ஒரு வருடக் கணக்குதான் அவரிடம் இருந்தது. அதனால் கோட்டுக்குப் பதில் பட்டைகளாக வரைந்தார். கைவசம் உள்ள கணக்கு கொஞ்சமே ஆனாலும் அதற்கேற்ற படம் உண்டு என்பது இதில் நமக்குப் பாடம்.

நம் காலத்தில் ஜார்ஜியா லூபி, ஸ்டெபனி போசவெக் என்ற இரு பெண்கள், ஒருவர் நியூயார்க்கிலும் மற்றவர் லண்டனிலுமாக இருந்துகொண்டு, 2014-இல் ஒரு காரியத்தைத் தொடங்கினர். வாரம் ஒரு விஷயத்தை எண்ணி, அஞ்சல் அட்டையில் கையால் படம் வரைந்து ஒருவருக்கொருவர் அனுப்பினர். முதல் வாரம் கடிகாரம் பார்த்த தடவைகள். பிறகு நன்றி சொன்னது, குறைப்பட்டுக்கொண்டது என 52 வாரங்கள். 2016-இல் அது புத்தகமாக வந்தது. கம்ப்யூட்டர் இல்லாமல் கலர்ப் பேனாவிலேயே வரைந்தார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

நம் கடையில் எப்படிச் செய்வது?

1. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். காலை 6 முதல் இரவு 10 வரை மணி வாரியாகக் கட்டம் போடவும்.

2. ரொக்க விற்பனைக்கு நீலப் புள்ளி, கடனுக்குச் சிவப்புப் புள்ளி, கைபேசி வழியாக வங்கிக்குப் போன பணத்துக்குப் பச்சைப் புள்ளி.

3. கேட்ட பொருள் இல்லை என்று திருப்பி அனுப்பினால் ஒரு வட்டம். அருகில் பொருளின் பெயர்.

4. வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் கை வைத்தால் ஒரு சதுரம், உள்ளே தொகை.

5. ஏழு தாள்களையும் வரிசையாக ஒட்டிப் பார்க்கவும்.

எங்கள் முண்டியம்பாக்கம் கடையில் இதை ஒரு வாரம் செய்தோம். வட்டங்கள் எல்லாம் மாலை நேரத்தில் குவிந்திருந்தன. இங்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2010-இல் வந்தது முதல், நோயாளிக்குத் துணையாக வெளியூரிலிருந்து வருவோர் அதிகம். அவர்கள் கேட்டது சின்னச் சோப்பு, சின்னப் பேஸ்ட், பேப்பர் கப். நாங்களோ பெரிய பாக்கெட்டுகளாக வாங்கி அடுக்கியிருந்தோம். சிட்டையில் இது ஒருநாளும் தெரியவில்லை. விற்றது மட்டுமே சிட்டையில் ஏறும். விற்காமல் போனது ஏறாது.

சதுரங்கள்தான் எங்களைத் திடுக்கிட வைத்தன. இருபது, ஐம்பது என்று எடுத்ததை யார் எண்ணுகிறார்கள்? கூட்டிப் பார்த்தால், நாங்கள் மனதில் வைத்திருந்ததைப் போல் இரண்டு மடங்கு. வியாபாரம் மந்தம் என்று புலம்பியதில் பாதி, எங்கள் கையால் எடுத்ததே. இப்போது வாரத்துக்கு ஒரு தொகை என்று வீட்டுக்குத் தனியாக எடுத்து வைக்கிறோம்.

கவனிக்க வேண்டியவை

மூட்டை, டின் என்று பொருளின் உருவத்தையே வரைந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் விற்பனை இரண்டு மடங்கானால் மூட்டையைப் பெரிதாக வரையக் கூடாது. அதே அளவில் இரண்டு மூட்டைகள் வரைய வேண்டும். உயரத்தையும் அகலத்தையும் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகி, கண் ஏமாந்துவிடும். 1925-இல் வியன்னாவில் அருங்காட்சியகம் தொடங்கிய ஓட்டோ நியூராத் கடைப்பிடித்த விதி இது.

ஒரு வாரத்தை வைத்து முடிவு கட்டவும் கூடாது. கரும்பு அரைவைக் காலம் வேறு, ஆடி மாதம் வேறு, தீபாவளி வேறு. சம்பளம் வரும் முதல் வாரமும் கை வறண்ட கடைசி வாரமும் ஒன்றல்ல. நான்கு வாரமாவது வரைந்து பார்த்த பிறகே கொள்முதலை மாற்றலாம்.

கடன் வாங்கியவர் பெயரைப் படத்தில் எழுத வேண்டாம். அது கடன் நோட்டிலேயே இருக்கட்டும். சுவரில் பெயரைக் கண்டவர் மறுபடி நம் கடைப்படி ஏறமாட்டார்.

பெரிய கம்பெனிக் கடைகள் எந்தப் பொருள் எந்த நேரத்தில் போகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் பார்த்துச் சரக்கு வைக்கின்றன. நம்மிடம் இருப்பது காலண்டர் தாளும் மூன்று கலர் பேனாவும். வாடிக்கையாளர் முகம் தெரிந்தவர்கள் நாம். அவர்கள் என்ன கேட்டுத் திரும்பினார்கள் என்பதையும் தெரிந்துகொண்டால் நாமும் ஈடுகொடுக்கலாம். வருகிற திங்கட்கிழமையே முதல் தாளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டுவோம்.