பொடி மெனிக்கே வராத காலை

எங்கள் வீட்டில் இரண்டாவது தேத்தண்ணிக்கு மணிக்கூடு பார்க்கும் வழக்கம் இல்லை. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் பொடி மெனிக்கே, ரம்புக்கனைக்கு மேலே 45 அடிக்கு ஓர் அடி உயரும் பாதையில் இரைந்துகொண்டு ஏறிவரும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா கேத்திலை அடுப்பில் வைப்பார். 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். மறுநாள் காலை ரயில் வரவில்லை. தேத்தண்ணியும் வரவில்லை. ஒன்பது மணி தாண்டித்தான் அம்மா திடுக்கிட்டுக் குசினிக்குப் போனார்.

கடுகண்ணாவை, கடந்துபோகிறவர்களை நம்பி வாழும் ஊர். ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கேப்டன் டோசன் போட்ட வீதியும், 1867இல் கண்டிக்கு வந்த ரயிலும் இந்தக் கணவாயைப் பிடித்துத்தான் ஏறுகின்றன. அன்று துளைத்த பாறை இன்றும் வீதியோரம் நிற்கிறது. அம்மாவின் பிரஷர் மாத்திரைக்காகப் பாஸ் எடுத்துக்கொண்டு போன நாளில், அந்தத் துளைக்குள் ஒரு நாய் குட்டிகளோடு படுத்திருந்தது. ஏற்றத்தில் சோளம், அன்னாசி விற்பவர்களின் தட்டிகளைத் தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டியிருந்தார்கள். இத்தனை வருஷம் அவர்களிடம் வாங்கித் தின்றவன் நான். அவர்கள் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று அன்றுதான் முதன்முதலாக யோசித்தேன், சொல்ல வெட்கம். அரசாங்கம் 5,000 ரூபா கொடுத்தது. அது எத்தனை நாளுக்குப் போதும் என்று அம்மா கணக்கெழுத உட்கார்ந்தார். கேஸ், பால்மா, பருப்பு. அதற்குப் பிறகு பென்சிலை வைத்துவிட்டார்.

தெல்தோட்டைப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் சித்திக்கு போன் எடுத்து, "வெளியே போகாதீங்க சித்தி" என்றேன்.

"எங்களுக்கு என்ன தம்பி ஊரடங்கு? வழக்கம்போல பேர் போட்டுட்டு மலைக்குப் போறோம்" என்றார்.

தேயிலைக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். கொழும்புத் தேயிலை ஏலம்கூட அந்த ஏப்ரலில் முதல் தடவையாக இணையத்துக்குப் போனது. கொழுந்துக் கூடைக்கு அப்படிப் போக இடமில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் ஆறு பேர் இருந்துகொண்டு ஒரு மீற்றர் இடைவெளி விடுவது எப்படி என்று சித்தி கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

படித்தவன் என்ற என் பெருமையும் அந்த வருஷம் கொஞ்சம் இறங்கியது. டிசம்பரில், எங்கள் இறக்கத்துக்குக் கீழே கேகாலையில், காளியம்மன் சொல்லித் தந்ததாக ஒருவர் காய்ச்சிய பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். தேனும் சாதிக்காயும் சேர்ந்த மருந்து. சுகாதார அமைச்சரே குடித்துக் காட்டினார். ஜனவரியில் அவருக்கும் தொற்று வந்தது. நான் சிரித்தேன்தான். ஆனால் அதற்கு முன், யாரிடமாவது ஒரு போத்தல் கிடைக்குமா என்று இரண்டு பேரிடம் விசாரித்தும் இருந்தேன்.

2021 மே நடுவில் இன்னொரு சட்டம் வந்தது. அடையாள அட்டையின் கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஒற்றைத் திகதியில் வெளியே போகலாம், இரட்டை என்றால் இரட்டைத் திகதியில். அம்மாவுக்கு 7, எனக்கு 6. எழுபது வயதுக்காரியைச் சந்தைக்கு அனுப்ப மனம் வரவில்லை. நாற்பத்து மூன்று வயதில் முதன்முறையாக, பதினெட்டாம் திகதி, நான் மரக்கறிப் பையைத் தூக்கினேன்.

வாங்கிவந்த போஞ்சியை அம்மா ஒவ்வொன்றாக எடுத்து ஒடித்துப் பார்த்தார். ஒன்றும் ஒடியவில்லை, எல்லாம் வளைந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் நார் உரிக்க உட்கார்ந்தார். அதற்கு அவர் ஏசியிருக்கலாம்.

இருபதாம் திகதி நானும் கடையிலேயே ஒடித்துப் பார்த்தேன். இரண்டு போஞ்சி 'டக்' என்று ஒடிந்தது. கடைக்காரர் முகக்கவசத்தைக் கீழே இறக்கி, "ஒடிச்சது உங்களுக்குத்தான் மாத்தையா" என்று சொல்லி, அந்த நாலு துண்டையும் தராசில் போட்டார்.