அனிருத் தாபா: சென்னையின் எஃப்சி-யின் லெஜண்டா, விட்டுப் போனவரா? ஓயாத விவாதத்தின் பின்னணி

இந்தப் பொங்கல் லீவில், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடையில் ஸ்கூல் நண்பர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி ஃபுட்பாலில் வந்து நின்றது. ஒருத்தன் சென்னை ஓஎம்ஆரில் ஐ.டி. வேலை. இன்னொருத்தன் கல்வராயன் மலையில், வெள்ளிமலை பக்கம் ஸ்கூல் வாத்தியார். மலையில் சிக்னல் வரும், போகும். பாதி மேட்ச்சின் ஹைலைட்ஸை அவன் கீழே இறங்கி வந்த பிறகுதான் பார்ப்பான்.

"தாபா மாதிரி ஒரு மிட்ஃபீல்டர் நம்ம டீமுக்கு இனிமே கிடைக்க மாட்டான்டா" என்றான் வாத்தியார்.

"அவன் பேரைச் சொல்லாத. கேப்டனா இருந்துக்கிட்டே கொல்கத்தாவுக்கு ஓடிப்போனவன்" என்றான் ஐ.டி. நண்பன்.

டீ ஆறிப்போச்சு, சண்டை ஆறல. சென்னை நேரு ஸ்டேடியத்தில் இருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் ஊரில், டீமை விட்டுப் போய் சில வருடம் ஆன ஒரு பிளேயருக்காக ஏன் இவ்வளவு கோபம்? இந்தக் கேள்வியோடுதான் ஊரிலிருந்து திரும்பினேன்.

யார் இந்த தாபா?

உத்தராகண்ட் மாநிலம் டேராடூனில் 1998-ல் பிறந்தவர் அனிருத் தாபா. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் அகாடமியில் வளர்ந்து, 2016-ல் சென்னையின் எஃப்சி-க்கு வந்தார். அப்போது வயசு 18. இடையில் ஐ-லீக்கில் ஆட மினர்வா பஞ்சாப் அணிக்கு லோனில் போய்வந்தார்.

2017-18 ஐஎஸ்எல் சீசன்தான் திருப்புமுனை. கோவாவில் நடந்த அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் சென்னை ஒரு கோல் பின்தங்கி இருந்தபோது, சமன் செய்த கோல் தாபாவுடையது. ஆட்டம் 1-1. சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 3-0 என ஜெயித்து ஃபைனலுக்குப் போனார்கள். அங்கே பெங்களூரு எஃப்சி-யை அவர்களின் சொந்த மைதானத்திலேயே 3-2 என வீழ்த்தி, இரண்டாவது முறையாகக் கோப்பையைத் தூக்கினார்கள்.

2019 ஜனவரி 6, அபுதாபி. ஆசியக் கோப்பையில் இந்தியா 4-1 என தாய்லாந்தை வென்றது. 1964-க்குப் பிறகு அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி. மூன்றாவது கோல் தாபாவுடையது, நான்காவது ஜேஜே லால்பெக்லுவாவுடையது. இரண்டு பேரும் அப்போது சென்னை வீரர்கள். 'நம்ம பசங்க' என்று இங்கே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட இரவு அது.

பிறகு கேப்டன் ஆனார். 2023 மார்ச்சில் இம்பாலில் மியான்மருக்கு எதிராக இந்தியா 1-0 என ஜெயித்தபோது, அந்த ஒரே கோலும் அவருடையதுதான். மூன்று மாதம் கழித்து, ஜூனில், ஐந்து வருட ஒப்பந்தத்தில் மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட் அணிக்குப் போய்விட்டார்.

கோபம் எங்கே இருக்கிறது?

பிளேயர் டீம் மாறுவது புதுசு இல்லை. பிரச்சினை, போன இடமும் நேரமும். 2020 மார்ச்சில் கொரோனா பயத்தால் ரசிகர்களே இல்லாமல், கோவாவின் காலி மைதானத்தில் நடந்த ஐஎஸ்எல் ஃபைனலில் சென்னையை 3-1 என வீழ்த்தியது ஏடிகே. அதே ஏடிகே-தான் மோகன் பகானோடு இணைந்து இன்றைய அணியாக நிற்கிறது. தாபா சேர்ந்தபோது அவர்கள் நடப்பு சாம்பியன். சென்னையோ 2022-23 சீசனில் எட்டாவது இடம்.

'டீம் கீழே கிடக்கும்போது கேப்டன் மேலே இருக்கிற கப்பலுக்குத் தாவிட்டான்.' ரசிகர் தரப்பு வாதத்தின் சாரம் இதுதான்.

போன பிறகு கோப்பைகளும் வந்தன. முதல் சீசனிலேயே டுராண்ட் கோப்பை. அந்த ஃபைனலில் தாபா ரெட் கார்டு வாங்கி வெளியேறினார், அணி 1-0 என ஜெயித்தது. 2023-24-ல் லீக் ஷீல்டு. 2024-25-ல் ஷீல்டு, கோப்பை இரண்டுமே. இன்னொரு பக்கம், 2024 மார்ச் 31 அன்று கொல்கத்தாவில் மோகன் பகானை 3-2 என சென்னை வீழ்த்தியது. கடைசி நிமிடங்களில் வந்த அந்த வெற்றிக் கோலை எங்கள் ஐ.டி. நண்பன் இன்றைக்கும் மொபைலில் சேமித்து வைத்திருக்கிறான்.

விவாதம் ஒன்று அல்ல, மூன்று

டீக்கடையில் நாங்கள் செய்த தப்பு, மூன்று தனித்தனி கேள்விகளை ஒரே கேள்வியாகக் குழப்பியதுதான். ஒன்று, அவர் எவ்வளவு நல்ல பிளேயர்? இரண்டு, கிளப்புக்கு என்ன செய்தார்? மூன்று, எப்படிப் போனார்? மூன்றாவது கேள்வியின் கோபத்தை வைத்து முதல் இரண்டுக்கும் மார்க் போடுகிறோம்.

முதல் கேள்வி. 'வருஷத்துக்கு எத்தனை கோல் அடிச்சான்?' என்று கேட்பவர்கள் அவரை ஸ்ட்ரைக்கர் தராசில் நிறுக்கிறார்கள். தாபாவின் வேலை அது அல்ல. 'பாக்ஸ் டு பாக்ஸ்' மிட்ஃபீல்டர் என்பார்கள். நம் பெனால்டி பாக்ஸ் ஓரத்தில் பந்தைப் பறித்து, பத்து செகண்டில் எதிரணி பாக்ஸ் வாசலில் நிற்க வேண்டும். பந்து கையைவிட்டுப் போனால் திரும்ப ஓட வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி கவனிப்பவர் மாதிரி. சாப்பாடு ருசி என்றால் சமையல்காரருக்குப் பாராட்டு. ஓர் இலையில் சாம்பார் வரவில்லை என்றால் இவருக்குத் திட்டு. கோல் கணக்கில் இந்த ஓட்டம் தெரியாது.

இரண்டாவது கேள்வி. ஏழு வருடம், எல்லாப் போட்டிகளும் சேர்த்து நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், ஒரு ஐஎஸ்எல் கோப்பை, ஒரு ஃபைனல், கேப்டன் பொறுப்பு. இதில் இறக்கமும் உண்டு. சாம்பியன் ஆன அடுத்த சீசனில் சென்னை பத்து அணிகளில் கடைசி. 2020-21-ல் இருந்து தொடர்ந்து மூன்று சீசன் எட்டாவது இடம். அந்தச் சரிவில் கேப்டனுக்கும் பங்கு இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த மூன்று சீசனில் கோச் மூன்று பேர் மாறினார்கள். சரிவு முழுவதையும் ஒரு மிட்ஃபீல்டர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அகஸ்டோவுக்கு ஒரு நியாயம், தாபாவுக்கு ஒரு நியாயமா?

2018 ஃபைனலில் மூன்றாவது கோலை அடித்தவர் பிரேசில் மிட்ஃபீல்டர் ராஃபேல் அகஸ்டோ. 2019-ல் அவர் எங்கே போனார் தெரியுமா? அதே பெங்களூரு எஃப்சி-க்கு! யாரைத் தோற்கடித்து கோப்பை வாங்கினோமோ, அந்த அணிக்கே. ஜேஜே 2020-ல் ஈஸ்ட் பெங்கால் போனார். அந்த ரெண்டு பேரைப் பற்றி டீக்கடையில் யாரும் குரலை உயர்த்தவில்லை.

காரணம் எளிது. வெளிநாட்டு வீரர் போவார் என்று மனசு முன்னாடியே தயாராகிவிடுகிறது. ஜேஜே, காயத்தால் ஒரு சீசனையே இழந்த பிறகு போனார். தாபாவை மட்டும் 18 வயதில் இருந்து பார்த்தோம். நம் கண் முன்னால் வளர்ந்த பையன். வீட்டுப் பிள்ளை வேறு வீட்டுக்குப் போனால் வரும் வலி அது. அப்படிப் பார்த்தால் இந்தக் கோபமே அவர் இங்கே சம்பாதித்த மரியாதைக்கு சாட்சி.

வியாசர்பாடியின் இன்னொரு கதை

இந்த விவாதத்தில் வர வேண்டிய, ஆனால் அதிகம் வராத பெயர் தனபால் கணேஷ். வடசென்னை வியாசர்பாடியில் இருந்து வந்த மிட்ஃபீல்டர். 2017 டிசம்பரில் பெங்களூருவில் ஆட்டம் முடியும் நேரத்தில் வெற்றிக் கோல் அடித்தவர். கோவாவுக்கு எதிரான அந்த 3-0 அரையிறுதியிலும் ஒரு கோல் அவருடையது. மண்ணின் மைந்தன் என்றால் இவர்தான்.

சாம்பியன் ஆன அடுத்த சீசனை முழங்கால் காயம் அப்படியே விழுங்கியது. 24 வயதில், ஃபார்மின் உச்சியில். திரும்பி வந்தாலும் பழைய இடம் பழைய மாதிரி கிடைக்கவில்லை.

கணேஷின் முழங்காலை மனதில் வைத்துக்கொண்டு தாபாவின் முடிவைப் பாருங்கள். 25 வயது, கையில் ஐந்து வருட ஒப்பந்தம். ஒரு தப்பான டேக்கிள் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்பதைப் பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்தவர் வேறு என்ன செய்வார்? 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் ஐஎஸ்எல் சீசனே நிறுத்திவைக்கப்பட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஃபுட்பாலர் என்பது அவ்வளவு உறுதியான வேலை இல்லை.

தவிர, அவர் ஒப்பந்தம் முடிந்து சும்மா போகவில்லை. டிரான்ஸ்ஃபர் தொகை வாங்கிக்கொண்டு கிளப் சம்மதித்துத்தான் அனுப்பியது. கையெழுத்துப் போட்டது இரண்டு தரப்பும். திட்டு மட்டும் ஒருத்தருக்கு!

ஆபீஸ் மாறுவதும் இதுவும் ஒன்றா?

எங்கள் ஐ.டி. நண்பன் நாலு வருடத்தில் மூணு கம்பெனி மாறியவன். வாத்தியார் அதை எடுத்துப் போட்டதும் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அவன் சொன்ன பதில் சும்மா தள்ளக்கூடியது இல்லை: "என் பேரைச் சொல்லி எந்த ஸ்டேடியமும் பாட்டுப் பாடலையேடா."

உண்மைதான். ரசிகன் சம்பளம் தருவதில்லை, ஆனால் தன் சனிக்கிழமைகளைத் தருகிறான். கள்ளக்குறிச்சியில் இருந்து பஸ் பிடித்து மேட்ச் பார்த்துவிட்டு, விடியற்காலையில் ஊர் திரும்புகிறவனுக்கு அது வெறும் வேலை மாற்றம் இல்லை. அதனால் அவனுக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. ஆனால் பிளேயரிடம் அவன் கேட்கக்கூடியது, ஜெர்ஸி போட்டிருக்கும் வரை முழு உழைப்பு. ஆயுள் முழுக்க அதே ஜெர்ஸியைப் போடு என்று கேட்க முடியாது. அந்த முதல் கடனை தாபா பாக்கி வைக்கவில்லை.

அப்போ தீர்ப்பு?

என் கணக்கு இது. சென்னையின் எஃப்சி-யின் இந்திய மிட்ஃபீல்டர்கள் வரிசையில் தாபாவுக்கு முதல் இடம். கேப்டனாக அவர் காலம் சாதாரணம்தான். போன விதம் வலித்தது, அது தப்பு இல்லை. மூன்றையும் தனித்தனியாகச் சொன்னால் ஒன்றோடு ஒன்று மோதுவதே இல்லை.

டேராடூனில் இருந்து ஒரு பையன் சென்னைக்கு வேலை தேடி வந்தான். கள்ளக்குறிச்சியில் இருந்தும் தினமும் அப்படித்தான் பஸ் ஏறுகிறோம். நமக்கு அடுத்த ஊரில் நல்ல வாய்ப்பு வந்தால், பழைய இடத்தில் இருப்பவர்கள் நம்மைப் பற்றி என்ன பேச வேண்டும் என்று ஆசைப்படுவோம்?

வாத்தியாருக்கு மலைக்குக் கடைசி பஸ். ஏறும்போது ஜன்னல் வழியாகக் கத்தினான்: "அடுத்த சென்னை மேட்ச்சுக்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் போடு!" ஐ.டி. நண்பன் தலையாட்டினான். "மோகன் பகான் மேட்ச்சுக்கே போடறேன். ஆனா தாபா வந்தா நான் கத்துவேன்" என்றான்.

கத்தட்டும். மறந்துபோனவரைப் பார்த்து யாரும் கத்துவதில்லை.