கல் நடப்படாதவர்கள்

இறந்தவருக்கு ஓர் உருவம் செய்து அதற்குப் படையலிடும் வழக்கம் உலகின் பல பாகங்களிலும் உண்டு. ஆபிரிக்காவில் மாலி நாட்டின் டோகோன் மக்கள், மரத்தில் செதுக்கிய முன்னோர் உருவங்களைக் குடும்பப் பீடத்தில் வைத்து அவற்றின்மீது தானியக் கூழ் வார்ப்பார்கள். நம்மவர்கள் அதற்குக் கல்லை எடுத்தார்கள்.

நடுகல் பற்றிப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது என ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கற்களில் ஒன்று, ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்தவனின் பெயரைத் தமிழ்ப் பிராமியில் தாங்கி நிற்கிறது. பிற்காலக் கற்களில் வாளேந்திய வீரனின் உருவமும் செதுக்கப்பட்டது. கள்ளும் மயிற்பீலியும் படைத்தார்கள். பெண்ணுக்கு? பெரும்பாலும் கணவனோடு தீயில் இறங்கியவளுக்குத்தான் கல் கிடைத்தது. இதை வாசித்த நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கல் நட்டபின் இறந்தவர் அலைவதில்லை. அவருக்கு ஓர் இடம் உண்டு, ஊரைக் காக்கும் கடமையும் உண்டு. மன்னாரில் இன்று உருவம் செதுக்குவோர் இல்லாவிட்டாலும் அந்த இடம் இருக்கிறது. தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பூரணை. திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தம். நவம்பர் 2இல் கத்தோலிக்கர்கள் சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள்.

போர்க்காலத்தில், உடல் கிடைக்காத போராளிகளுக்காகத் துயிலும் இல்லங்களில் வைத்த கல்லையும் நடுகல் என்றே அழைத்தார்கள். போருக்குப் பின் அவை இடிக்கப்பட்டன.

காணாமற்போனவர்களின் தாய்மாருக்கு இதில் எதுவுமே இல்லை. திதி கொடுத்தால் மகன் இறந்துவிட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். 2018இல் மன்னார் நகரில் சதொச வளாகத்தில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தபோது, அந்தக் குழியைப் பார்க்கத் தாய்மாரும் போனார்கள். அனுப்பிய மாதிரிகள் கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று 2019இல் அமெரிக்க ஆய்வுகூடம் அறிக்கை தந்தது. அப்படியானால் அவர்கள் யாரோ ஒருவரின் முன்னோர். பிள்ளைகள் எங்கே?

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். வங்கி, காணி அலுவல்களுக்கு அது உதவும். நான் சந்திக்கும் தாய்மாரிற் பலர் அதைக்கூட வாங்கத் தயங்குகிறார்கள். மகனின் படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை. மாட்டினால் யாராவது மாலை போட்டுவிடுவார்களாம். பொலித்தீன் உறையில் சுற்றி, றங்குப்பெட்டிக்குள் சேலைகளுக்கிடையே வைத்திருக்கிறார்கள்.