மஞ்சள் நிறம் வயதைச் சொல்லாது

குருவிட்ட, இரத்தினபுரிப் பகுதிகளில் உருப்பெருக்கியின்றி இரத்தினக்கல் வாங்குவோர் அரிது. ஆயின், துரைமார் காலத்துக் கைத்துப்பாக்கியினதோ கண்டியரசர் காலத்துக் கத்தியினதோ தந்தப்பிடி என ஒருவர் நீட்டினால், அதன் மஞ்சள் நிறத்தையே பழைமைக்குச் சான்றாக நாம் நம்பிவிடுகிறோம். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தாலும் அந்நிறம் வரும். தேயிலைக்கு இங்கு பஞ்சமா?

அதே உருப்பெருக்கியால் பிடியின் அடிமுகத்தை நோக்குதல் வேண்டும். யானைத் தந்தமாயின், அதன் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று ஊடறுக்கும் மெல்லிய வளைகோடுகள் தென்படும். தந்தத்தின் வெளிவிளிம்பை அண்டி அவை 115 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் சந்திப்பின் இன்றைய யானை இனம். 90 பாகைக்குக் குறைந்தால் அழிந்துபோன மமூத். எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகளே இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய செலுலோயிட்டிலோ கோடுகள் இணையாக ஓடும், ஊடறுக்கா. காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்ப்பது ஆபத்து, செலுலோயிட் தீப்பற்றும்.

தந்தமென்று தெளிந்தபின்னரும் வயது பற்றிய வினா எஞ்சும். 2016 ஜனவரி 26இல் காலிமுகத்திடலில் 359 கடத்தல் தந்தங்கள் நசுக்கப்பட்டன. அத்தகைய புதுத் தந்தமே பழம்பொருள் என்ற போர்வையில் சந்தைக்கு வருவதுண்டு. 1950களிலும் 1960களிலும் நடந்த அணுகுண்டுப் பரிசோதனைகள் வளிமண்டலத்தில் கதிரியக்கக் கரிமத்தைப் பெருக்கின. அதன்பின் வளர்ந்த தந்தத்தை ஆய்வுகூடம் இனங்காணும். எனினும் அது யானையின் காலத்தையே சொல்லும், செதுக்கியவரின் காலத்தையன்று. அதற்குப் பிடியைக் கழற்றி, ஆணித்துளையின் தேய்மானத்தையும் உள்முகத்தில் படிந்த பழந்துருவின் கறையையும் பார்க்கவேண்டியுள்ளது.