சிறு வயதில் ஆபரேஷன். வளர்ந்த பின் ஸ்கேன்

காளிகாட் கோயிலை ஒட்டி ஓடும் ஆதிகங்கையைத் தாண்டினால் அலிப்பூர். அங்கே பி.எம். பிர்லா இதய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வடக்கே சற்றுத் தூரத்தில் அரசாங்கத்தின் எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரி, பஸ் கண்டக்டருக்கு அது இன்றும் 'பி.ஜி.'தான். பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு 18 வயது வரை இலவச சிகிச்சை அளிக்க, மேற்கு வங்க அரசு 2013-ல் 'சிசு சாத்தி' திட்டத்தைத் தொடங்கியது.

"ஆபரேஷன் ஆகிவிட்டது, இனிக் கவலையில்லை" என்று பெற்றோர் நிம்மதியடைவது இயல்பே. ஆனால் எல்லாக் கோளாறுக்கும் இது பொருந்தாது.

'ஃபாலோ நால்வகைக் கோளாறு' என்பதை எடுத்துக் கொள்வோம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும் நோய் இது. அறுவையில் ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்கு ரத்தம் செல்லும் குறுகிய பாதையை அகலப்படுத்துவார்கள். அதன் விளைவாகப் பலருக்கு அங்குள்ள வால்வு ஒழுகத் தொடங்கும். அனுப்பிய ரத்தத்தில் ஒரு பகுதி திரும்பி வர, வலது கீழறை ஆண்டுக்கணக்கில் மெல்ல வீங்கும். ஆளோ மாடிப்படி ஏறுவார், ஆபீஸ் போவார், ஒன்றும் தெரியாது. மூச்சு வாங்கும் வரை காத்திருந்தால் தசை மீளாமலே போகலாம்.

வலது கீழறை மார்பெலும்புக்குப் பின்னால் ஒளிந்திருப்பது, வடிவமும் கோணல். எக்கோவில் அதை முழுதாக அளப்பது கடினம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதன் கொள்ளளவையும், எத்தனை சதவிகிதம் ஒழுகுகிறது என்பதையும் சொல்லிவிடும். எக்ஸ்ரே கதிர் கிடையாது என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப எடுக்கலாம். உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 150, 160 மில்லிலிட்டரை எட்டினால் புது வால்வு பற்றி டாக்டர்கள் யோசிப்பார்கள்.

முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும். சம்மட்டி அடிப்பது போல் சத்தம் கேட்கும். சொல்லும்போதெல்லாம் சில விநாடி மூச்சை அடக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படும். மார்பெலும்பைக் கட்டிய பழைய கம்பி பெரும்பாலும் தடையாகாது. பேஸ்மேக்கர் இருந்தால் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் உள்ள இடமெல்லாம் இதயத்தை எடுப்பதில்லை. கேட்டுக்கொண்டு போவது நல்லது.

வேலூர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில் 1961-லேயே திறந்த இதய அறுவை நடந்தது. பிள்ளைப் பிராயத்தில் ஊர்ப் பக்கம் ஆபரேஷன் செய்துகொண்டு, பின்னர் பிழைப்புக்காக வங்கம் வந்தவர்களின் டிஸ்சார்ஜ் சீட்டு ஊரில் எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ! எந்த ஒட்டு, எந்த வால்வு என்பது அதில்தான் இருக்கும். அடுத்த முறை ஊர் போகும்போது தேடி எடுத்து வரலாம்.